ஊர்த் திட்டமும் கட்டுப்படியாகும் வீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்த் திட்டக் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது சில ஆண்டுகளாக என் வழக்கம். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில்தான் மனத்தில் இருந்த கேள்விகள் வெளியே வரும். யார் வந்தாலும் சுற்றிச் சுற்றி அதே கேள்விகள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். பதில்களில் என் சார்பும் தெரியும். அதை மறைக்க முயலவில்லை.

கட்டுப்படியாகும் வீடு என்றால் அரசு கட்டிக் கொடுக்கும் இலவச வீடுதானே?

வீட்டுச் செலவு வருமானத்துக்குள் அடங்குகிறதா என்பதுதான் கணக்கு; யார் கட்டினார்கள் என்பது இதில் வராது. வாடகை அல்லது கடன் தவணை, அதோடு மின்சாரம், தண்ணீர் முதலிய செலவுகள் எல்லாம் சேர்ந்து குடும்ப வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அந்த வீடு அந்தக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிறது என்பார்கள். இந்த எண்ணுக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் அரசுக் குடியிருப்பு வாடகைக்கு 1969இல் வருமானத்தில் 25 சதவீதம் என்று வரம்பு வைத்தார்கள். 1981இல் அதை 30 ஆக்கினார்கள். பிறகு அதுவே பல நாடுகளில் அளவுகோலாகிவிட்டது.

அளவுகோலில் ஓட்டையும் உண்டு. மிகக் குறைந்த வருமானக்காரருக்கு 30 சதவீதமே அதிகம். மீதியில் சாப்பாடும் மருந்தும் அடங்காது. ஊருக்கு வெளியே மலிவாக வீடு கிடைத்தும் வேலைக்குப் போக மூன்று பஸ் மாற வேண்டியிருந்தால், வாடகையில் மிச்சம் பிடித்தது டிக்கெட்டில் போய்விடும். ஆகவே வீட்டுச் செலவோடு போக்குவரத்துச் செலவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பலவகை வீடுகள் எதற்கு? நிறைய அடுக்குமாடி கட்டினால் போதாதா?

ஒரே மனிதருக்கே வாழ்நாளில் நான்கைந்து விதமான வீடு தேவைப்படுகிறது. படிக்கும்போது ஓர் அறை. திருமணமானதும் ஒரு சிறு போர்ஷன். குழந்தைகள் வந்தபின் கொஞ்சம் விசாலமான இடம். வயதானபின் படி ஏறத் தேவையில்லாத தரைத்தள வீடு. தெருவில் எல்லாமே பெரிய தனி வீடுகள் என்றால், பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட ஒரு மூதாட்டி நான்கு அறைகளைத் தனியாகப் பெருக்கிக்கொண்டிருப்பார். சிறிய வீட்டுக்கு மாற அவருக்கு விருப்பம்தான். ஆனால் அதற்காகப் பழகிய தெருவையே விட்டுப் போக வேண்டும்.

தனி வீட்டுக்கும் பத்து மாடிக்கும் நடுவே எத்தனையோ வடிவங்கள் இருக்கின்றன: சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள், மாடியில் ஒரு குடித்தனம், கொல்லைப்புறத்தில் ஒரு சிறு வீடு, ஒரு முற்றத்தைச் சுற்றி ஆறு வீடுகள். ஒட்டுக்குடித்தனம் என்ற பழைய சொல்லே இந்த நடுத்தர வகையைச் சேர்ந்ததுதான். லிஃப்ட்டும் தடித்த தூண்களும் தேவைப்படாததால் உயரமான கட்டடத்தைவிடச் சதுர அடிக்குச் செலவும் பெரும்பாலும் குறைவு. பல ஊர்களின் விதிப்புத்தகங்களில் முதலில் காணாமல் போனவையும் இவையே.

வீட்டு விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. ஊர்த் திட்டத்துக்கு இதில் என்ன வேலை?

எந்த மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதை எழுதி வைப்பது திட்டம்தான். சந்தை அதற்குள்தான் விளையாடுகிறது. ஒரு சின்னக் கணக்கு: மனையின் இருபுறமும் 5 அடி இடைவெளி விட வேண்டும் என்று ஒரு விதி. 40 அடி அகல மனைக்காரருக்குக் கட்ட 30 அடி கிடைக்கும், இழப்பு கால்பங்கு. 20 அடி மனைக்காரருக்குக் கிடைப்பது 10 அடி, பாதி போய்விட்டது. அந்தப் பத்தடியிலும் முக்காலடிச் சுவர் இரண்டு போனால் உள்ளே எட்டரை அடி. ஆறரை அடிக் கட்டிலைக் குறுக்கே போட்டால் நடக்க மிஞ்சுவது இரண்டடி. விதியில் ஏழை, பணக்காரர் என்ற சொல்லே இல்லை. ஆனால் அளவு நாடாவை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பக்கச் சுவர் ஒட்டிய வரிசை வீட்டை அனுமதித்து, காற்றும் வெளிச்சமும் முன்புறமும் முற்றமும் வழியாக வரும்படி செய்தால் அதே மனையில் 20 அடியும் பயன்படும்.

குறைந்தபட்ச மனைப் பரப்பும் இப்படித்தான். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் 1998இல் நகரின் உள்வட்டத்தில் மட்டும் இந்த அளவை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 சதுர அடிக்குக் குறைத்தது. ஒரு வீடு நின்ற இடத்தில் மூன்று வரிசை வீடுகள் எழும்பத் தொடங்கின. 2013இல் விதியை நகரின் மற்றப் பகுதிகளுக்கும் விரித்தார்கள்.

வாகன நிறுத்துமிட விதியும் இதே ரகம். அதைக் கடைசிக் கேள்விக்கு வைத்திருக்கிறேன்.

கூட்டத்துக்குப் போய் என்ன ஆகப்போகிறது? எல்லாம் முன்பே முடிவாகிவிடுகிறதே?

பாதி உண்மை. கட்டடத்துக்கான அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டுப் போனால் நிச்சயம் காலம் கடந்துவிட்டது. அதற்கான அனுமதி விதிப்படி முன்பே எழுதப்பட்டிருக்கும். பத்து, இருபது ஆண்டுகளுக்கான முழுமைத் திட்டமும் நிலப் பயன்பாட்டு வரைபடமும் வரைவாக இருக்கும்போது போக வேண்டும். அப்போது அரங்கில் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். உங்கள் குரல் கேட்கும்.

போகும்போது "எங்களுக்கு வீடு வேண்டும்" என்று பொதுவாகப் பேசாமல், "வரைவின் இந்தப் பிரிவில் பக்க இடைவெளி 5 அடி என்று இருக்கிறது, 30 அடிக்குக் குறைந்த மனைகளுக்கு அதை நீக்குங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். உணர்ச்சியான பேச்சு கைதட்டலோடு முடிந்துவிடும். எண்ணோடு கொடுத்த மனுவுக்கு யாராவது பதில் எழுதியாக வேண்டும்.

கூட்டத்துக்கு வருபவர்களில் எதிர்ப்பவர்கள்தானே அதிகம்?

ஆம். அமெரிக்காவின் போஸ்டனைச் சுற்றியுள்ள ஊர்களின் திட்டக் கூட்டக் குறிப்புகளை ஆராய்ந்தவர்கள், பேசியவர்களில் வயதானவர்களும் சொந்த வீட்டுக்காரர்களும் மக்கள்தொகை விகிதத்தைவிட மிக அதிகம் என்றும், பெரும்பாலோர் புதிய வீடுகளுக்கு எதிராகவே பேசினார்கள் என்றும் கண்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நட்டம் வரும் என்று பயப்படுபவர் இன்றே இந்தத் தெருவில் இருக்கிறார். லாபம் அடையப்போகிறவர் எங்கே இருக்கிறார் என்று அவருக்கே தெரியாது.

ஒரு கூட்டம் முடிந்து அரங்கைப் பெருக்க வந்த பெண்மணி, சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தின் முன் துடைப்பத்தோடு நின்றார். "இந்த மஞ்சள் எல்லாம் என்ன?" என்று கேட்டார். குடியிருப்புப் பகுதி என்றேன். "இவ்வளவு மஞ்சள் இருக்கிறதே, பிறகு ஏன் நான் இரண்டு மணி நேரம் பயணம் செய்து வருகிறேன்?" என்றார். அன்றைய கூட்டத்தின் மிகச் சரியான கேள்வி அதுதான். குறிப்பேட்டில் அது ஏறவில்லை. கூட்டம் அதற்குள் முடிந்திருந்தது.

அவரைப் போன்றவர்கள் கூட்டத்துக்கு வரமாட்டார்கள் என்றால் வரைபடம் அவர்களிடம் போக வேண்டும்: வேலை முடியும் நேரத்தில், பஸ் நிலையத்தில், பள்ளிக்கூட வாசலில். வாடகைக்கு இருப்பவர்களைத் தனியாக அழைத்துக் கேட்க வேண்டும். வீட்டு உரிமையாளர் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எந்தக் குடித்தனக்காரரும் வாடகையைப் பற்றி வாய் திறக்கமாட்டார்.

சிறிய வீடுகள் வந்தால் எங்கள் வீட்டு மதிப்பு இறங்கிவிடாதா?

மனையில் கூடுதலாகக் கட்ட அனுமதி கிடைத்தால் நிலத்தின் மதிப்பு பொதுவாக ஏறும். அதே நிலம் இப்போது இரண்டு மூன்று குடும்பங்களைத் தாங்கும் அல்லவா? கவனிக்க வேண்டியது பராமரிப்பு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1950களில் 33 கட்டடங்களாக எழுந்த புரூயிட்-ஐகோ குடியிருப்பை 1972 முதல் வெடி வைத்துத் தகர்க்க நேர்ந்தது. உயரமும் வடிவமும் காரணம் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் மிக ஏழைகளை மட்டும் ஒரே இடத்தில் குவித்து, அவர்கள் கொடுக்கும் வாடகையிலேயே லிஃப்ட்டையும் குழாய்களையும் பழுதுபார்க்க வேண்டும் என்று விட்டால் எந்தக் கட்டடம் நிற்கும்?

தண்ணீரும் சாக்கடையும் தாங்குமா?

நியாயமான கேள்வி. திட்டத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் குழாயின் இன்றைய கொள்ளளவு, எப்போது யார் செலவில் அது பெருக்கப்படும் என்ற இரண்டும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்சேபணை கொடுங்கள். ஆனால் புதிய குடும்பங்கள் எங்கேயோ குடியேறத்தான் போகின்றன. ஊருக்குள் இருக்கும் குழாயைப் பெரிதாக்குவதைவிட, வயல்வெளியைத் தாண்டிப் புதுக் குழாய் இழுப்பதற்குத்தான் ஒரு வீட்டுக்கான செலவு பெரும்பாலும் அதிகம்.

விதியைத் தளர்த்தினால் கட்டுமான நிறுவனங்களுக்குத்தானே லாபம்? ஏழைக்கு என்ன கிடைக்கும்?

தளர்வு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று பிரித்துப் பார்ப்போம். நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016இல் கொண்டுவந்த திட்டம் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால்பங்கில் கூடுதல் வீடுகளை அனுமதித்தது. அடுத்த ஆண்டுகளில் அனுமதி பெற்ற வீடுகளின் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. வரிசை வீடுகள் பெருகின. அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரம் 2018இன் இறுதியில், தனி வீடு மட்டும் என்றிருந்த மனைகளிலும் மூன்று குடித்தனம் கட்டலாம் என்று திட்டம் நிறைவேற்றிப் பேர் வாங்கியது. ஆனால் அப்படிக் கட்டப்பட்டவை கொஞ்சம்தான். போக்குவரத்துச் சாலைகளை ஒட்டிய அடுக்குமாடிகளே அங்கு எண்ணிக்கையைக் கூட்டின. எங்கே, எவ்வளவு உயரம், எந்த நிபந்தனையோடு என்ற விவரங்களில்தான் பலன் இருக்கிறது.

நடுத்தர வருமானக்காரருக்கு இது பெரிய உதவி. அவருக்குப் புது வீடு கிடைக்காவிட்டால் ஏழையின் பழைய வீட்டுக்குப் போட்டியாக வந்து நிற்பார். ஆனால் மிகக் குறைந்த வருமானக்காரருக்குத் தளர்வு மட்டும் போதாது. கட்டும் செலவே அவர் கொடுக்கக்கூடிய வாடகையைவிட அதிகம். அங்கே பொதுப்பணம் வந்தே ஆக வேண்டும். வியன்னா 1923இல் பெரிய வீட்டுக்காரர்கள் மிக அதிகமாகக் கட்டும்படி ஒரு வீட்டு வரி போட்டு, அந்தப் பணத்தில் 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டியது. இன்று அந்த நகரவாசிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் நகராட்சி வீடுகளிலோ, லாபத்துக்கு வரம்புள்ள சங்கங்களின் வீடுகளிலோ இருக்கிறார்கள். ஆசிரியரும் அங்கே இருப்பார், துப்புரவுத் தொழிலாளியும் இருப்பார். மேலே சொன்ன செயின்ட் லூயிஸ் கதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

புதுக் கட்டடங்களில் ஒரு பங்கை ஏழைகளுக்கு ஒதுக்கச் சொன்னால் போதாதா?

நல்ல கருவி, இரண்டு கண்ணிகளோடு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், நம் மாவட்டம் போன்ற மான்ட்கோமரி கவுன்டி 1974இலேயே இப்படி ஒரு சட்டம் இயற்றியது. பதிலுக்குக் கட்டுநருக்குக் கூடுதல் வீடுகள் கட்ட அனுமதி. ஆனால் தொடக்கத்தில் விலைக் கட்டுப்பாடு 5 ஆண்டுகளுக்கு மட்டும்தான். காலம் முடிந்ததும் வீடுகள் சந்தை விலைக்குக் கைமாறின. பின்னாளில் காலத்தை நீட்டினார்கள். முன்பு போனவை போனவைதான். ஆகவே பங்கு எத்தனை சதவீதம் என்று கேட்கும் அதே மூச்சில் எத்தனை ஆண்டுகளுக்கு என்றும் கேளுங்கள்.

இரண்டாவது, பங்கை மிகவும் ஏற்றினால் யாரும் கட்டவே வரமாட்டார்கள். பூஜ்யத்தில் 40 சதவீதமும் பூஜ்யம்தான்.

வீடு என்னுடையது, நிலம் மட்டும் ஊருடையது என்கிறார்கள். இது என்ன குழப்பம்?

சமூக நில அறக்கட்டளை என்று பெயர். நிலத்தை அறக்கட்டளை வைத்துக்கொள்ளும். வீட்டை நீங்கள் வாங்குவீர்கள். நிலத்துக்கு நீண்டகாலக் குத்தகை. நிலத்தின் விலை சேராததால் வீடு மலிவு. விற்கும்போது முழு விலையேற்றமும் உங்களுக்கு வராது. அமெரிக்காவின் பர்லிங்டனில் 1984இல் நகராட்சி உதவியோடு தொடங்கிய அறக்கட்டளை இதற்கு நல்ல உதாரணம். அங்கே விற்பவருக்கு விலையேற்றத்தில் 25 சதவீதம். மீதி வீட்டோடேயே தங்கி, அடுத்து வாங்குபவருக்கு விலையைக் குறைக்கிறது. நிர்வாகக் குழுவில் குடியிருப்போர், அக்கம்பக்கத்தார், பொது நலன் சார்பில் வருவோர் என்று மூன்றில் ஒரு பங்காக அமர்வது வழக்கம்.

இதன் வேர் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1969இல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகளுக்காக முதல் அறக்கட்டளையைத் தொடங்கியவர்களுக்கு நிலத்தைக் கிராமத்துக்கே பொதுவாக்கச் சொன்ன வினோபா பாவேயின் கிராமதான இயக்கம் ஒரு முன்மாதிரி. வறட்சியும் கடனும் சேர்ந்து 1980களில் அந்த நிலம் கைவிட்டுப் போனது, யோசனை நிலைத்தது. போஸ்டனின் டட்லி தெருவில் குடியிருப்போர் அமைப்பு ஒன்று, தரிசாகக் கிடந்த தனியார் மனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே 1988இல் நகராட்சியிடமிருந்து பெற்றது. அறக்கட்டளைக்கு நிலம் மலிவாக இருக்கும்போதே வாங்கப் பணம் வேண்டும். இது இல்லாமல் தொடங்கினால் பெயர்ப்பலகைதான் மிஞ்சும்.

குடிசைகளில் இருப்பவர்களை ஊருக்கு வெளியே நல்ல வீட்டில் வைத்தால் என்ன?

முதல் பதிலில் சொன்ன மூன்று பஸ் கணக்கைத் திரும்பப் பாருங்கள். வீடு கிடைத்து வேலை போனால் சில மாதங்களில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிடுவார்கள்.

இருந்த இடத்திலேயே செய்ய முடியும். சிலியின் இகிகே நகரில் கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அராவெனாவின் குழு 2004இல் 93 வீடுகளை அப்படிக் கட்டியது. கிடைத்த மானியத்தில் நகரின் நடுவே நிலமும் வாங்கி முழு வீடும் கட்ட முடியாது. எனவே குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி, பாதி வீட்டை மட்டும் கட்டினார்கள்: குளியலறை, சமையலறை, படிக்கட்டு, கூரை. பக்கத்தில் விட்ட வெற்றிடத்தைக் குடும்பங்கள் கையில் பணம் சேரும்போது நிரப்பிக்கொண்டன. இந்தூரின் ஆரண்யா குடியிருப்பில் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி 1980களிலேயே சுமார் 6,500 மனைகளை இதே எண்ணத்தோடு அமைத்தார். மிக ஏழைகளுக்கு அடித்தளமும் கழிப்பறையும் தண்ணீரும், மேலே எழுப்புவது அவரவர் பாடு. பல வருமானக்காரர்களின் மனைகளை ஒரே குடியிருப்புக்குள் கலந்து வைத்தார். தாய்லாந்தில் 2003இல் தொடங்கிய பான் மன்கோங் திட்டம், பணத்தையே குடியிருப்போர் குழுக்களிடம் கடனாகவும் மானியமாகவும் கொடுத்து, தெருவை எப்படி மாற்றி அமைப்பது என்ற முடிவையும் அவர்களிடமே விட்டது.

மேம்பாடு வந்ததும் வாடகை ஏறி நாங்களே வெளியேற வேண்டிவருமே?

வரும், வரிசை தவறினால். முதலில் ரயில் நிலையம் அறிவிப்பு, பிறகு நில விலை ஏற்றம், கடைசியில் "பாதிக்கப்படுவோருக்கு ஏதாவது செய்வோம்" என்ற கூட்டம் என்று நடந்தால் அந்தக் கூட்டத்தின்போது பாதிப்பேர் ஏற்கெனவே போயிருப்பார்கள். அறிவிப்புக்கு முன்பே பொது அமைப்பு நிலம் வாங்க வேண்டும். இடிக்கப்படும் ஒவ்வொரு மலிவு வாடகை வீட்டுக்கும் இன்னொன்று அதே பகுதியில் வர வேண்டும். திரும்பி வரும் உரிமை பெயர், முகவரியோடு எழுத்தில் வேண்டும். வாய்வார்த்தையை நம்பி வெளியேறியவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் பகுதி மக்களே பெரும்பான்மையாக வேண்டாம் என்றால்? அதுவும் சமூகத் திட்டமிடல்தானே?

என்னை அதிகம் தடுமாற வைத்த கேள்வி இது. எந்தச் சமூகம் என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. துடைப்பத்தோடு நின்ற அந்தப் பெண்மணி தினமும் பத்து மணி நேரம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறார், அவருக்கு வாக்கில்லை. ஒவ்வொரு பகுதியும் "வேறெங்காவது" என்று சொன்னால் அந்த வேறெங்கோ என்பது ஊரில் மிகவும் பலவீனமான பகுதியாகத்தான் இருக்கும்.

என் நிலைப்பாடு இது: எத்தனை வீடுகள் வேண்டும் என்பதை முழு ஊரும் சேர்ந்து முடிவு செய்து ஒவ்வொரு பகுதிக்கும் பங்கு பிரிக்க வேண்டும். அந்தப் பங்கை எப்படி அமைப்பது, வரிசை வீடாகவா, மாடிக் குடித்தனமாகவா, மூலையில் நான்கு மாடியாகவா என்பதைப் பகுதி முடிவு செய்யட்டும். ஹூஸ்டனில்கூட, விரும்பும் தெருக்கள் மனுக் கொடுத்துப் பழைய மனையளவைத் தக்கவைத்துக்கொள்ள வழி விட்டார்கள். விதி நகரம் முழுக்க நிறைவேற அது உதவியது. பிடிவாதமான ஒரு தெருவை விட்டுக்கொடுக்கலாம். எல்லாத் தெருவுக்கும் அதே கதவைத் திறந்தால் திட்டமே ஒழுகிப் போய்விடும்.

எல்லாம் சரி, ஒரே ஒரு விதியை மாற்றக் கேட்கலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்?

வீட்டுக்கு ஒரு கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்ற விதியை. ஒரு காரை நிறுத்த, அது திரும்பி வெளியே போகும் பாதையின் பங்கையும் சேர்த்தால், ஏறத்தாழ 25 முதல் 30 சதுர மீட்டர் தேவை. ஓர் அறை, சமையலறை, குளியலறை கொண்ட சிறு வீட்டின் அளவும் அதுதான். கார் இல்லாத குடும்பமும் அந்த இடத்துக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ 2017இல் நகரம் முழுவதும் இந்தக் கட்டாயத்தை நீக்கியது. நிறுத்துமிடம் கட்டுவதை யாரும் தடுக்கவில்லை, வேண்டியவர் கட்டிக்கொள்ளலாம்.

"அப்படியானால் எல்லாரும் தெருவில் நிறுத்துவார்களே?" என்று அடுத்த நொடியே கேட்பீர்கள். நிறுத்துவார்கள். தெருவில் நிறுத்தக் கட்டணம் வையுங்கள். அந்த மனுவை இரண்டு பத்தியில் எழுதிவிடலாம்: முதல் பத்தியில் கட்டாயத்தை நீக்கும் கோரிக்கை, இரண்டாவதில் தெருக் கட்டணம். கீழே பத்துக் கையெழுத்து வாங்குங்கள். அதில் குறைந்தது ஐந்து கையெழுத்து வாடகைக்கு இருப்பவர்களுடையதாக இருக்கட்டும்.